ஐந்தாம் இடத்து ஒழுக்கம்

ஒரு செயல் இறைவன் விதித்ததால் நல்லதாகிறதா, நல்லது என்பதால் இறைவன் அதை விதித்தானா எனப் பிளேட்டோவின் 'யூத்திஃப்ரோ' உரையாடலில் சாக்ரட்டீஸ் எழுப்பிய கேள்வியின் வழிவந்த வினாவை, 1970 ஆகஸ்ட் 31-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா, அதாவது மலேசியாவின் தேசியக் கோட்பாடு, இறைநம்பிக்கையை முதலிலும், அரசரையும் அரசமைப்பையும் சட்டத்தையும் கடந்து களைத்துவந்த ஒழுக்கத்தை ஐந்தாம் இடத்திலும் நிறுத்தி, வரிசை எண்ணாலேயே தீர்த்துவைத்தது. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிலும், இஸ்லாமியரல்லாத மாணவருக்கென வகுக்கப்பட்ட நன்னெறிக் கல்வி என்னும் பாடம் நல்லவராவதற்குப் பாடநூலும் பயிற்சியும் தருகிறது; இடைநிலைப்பள்ளி இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்விலோ அதே நன்மை புள்ளிகளாகவே அளக்கப்படுவதால், ஆண்டவனும் பகுத்தறிவும் மோதிய களத்தில் கல்வியமைச்சே வென்றதாகக் கொள்ளலாம். தோட்ட எல்லையில் காவல் தெய்வமாக நிற்கும் முனீஸ்வரர் மட்டும் இப்பாடத்திட்டத்துக்கு உட்படாமல், சுருட்டுப் படையலையும் மறுக்காமல், அரிவாள் ஒன்றையே தம் வாதமாகக் கொண்டிருக்கிறார்.