விட்டு விட்டுக் குளிரும் கார்: ஒரு சாஸ்திர விசாரணை

முற்றிலும் கெட்டுப்போன குளிர்சாதனத்தைக் குறித்து எவரும் சாஸ்திரம் எழுதப் புகுவதில்லை. அது செத்தது என்பதில் வாதி பிரதிவாதி இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லையாதலால், பணத்தைக் கொடுத்துப் புதியது பூட்டிக்கொள்வதோடு விஷயம் தீர்ந்துவிடுகிறது. காலையில் மார்கழிப் பனியைப் பொழிந்து, கத்திரி வெயிலின் உச்சிப்பொழுதில் அனலை ஊதி, மெக்கானிக்கின் கொட்டகை நிழலில் கொண்டுபோய் நிறுத்தியதும் மறுபடியும் பனி பொழிகின்ற ஏசி இருக்கிறதே, அதுவே தத்துவ விசாரணைக்கு உரிய வஸ்து. இது பற்றிச் சென்னைப் பண்டிதர்களிடையே மூன்று மதங்கள் வழங்குகின்றன.

முதலாவது கியாஸ்வாதம். “கியாஸ் அடிச்சா சரியாப் போயிடும் சார்” என்பது இம்மதத்தாரின் மகாவாக்கியம். இதனை அடியோடு தள்ளுதல் நியாயமன்று. கியாஸ் குறைந்தால் அழுத்தம் தாழ்வதும், பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்துவதும், நின்றபின் அழுத்தம் சற்றே ஏறுவதும், உடனே மீண்டும் ஓடி மீண்டும் நிற்பதும் பிரத்தியட்சம். ஆயினும் கியாஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றிவருவதேயன்றிப் பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதன்று. குறைந்தது என்றால் எங்கோ ஒழுக்கு உண்டு என்பது அனுமானம். வெளிப்பட்ட ஆர்-134ஏ கியாஸோ பூஜ்யத்துக்குக் கீழ் 26 டிகிரியிலேயே கொதித்து மறையும் இயல்பினது. எனவே இணைப்புகளில் படிந்த எண்ணெய்க் கறையே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் சாட்சி. அந்தக் கறையைத் தேடாமல் கியாஸை மட்டும் நிரப்புவது, அடுத்த கோடையிலும் அதே கடைக்கு வரும் பாக்கியத்தை அருளவல்லது. இதற்குக் கடைக்காரர்கள் ஆட்சேபம் கூறியதாக அறியோம்.

இரண்டாவது ரிலேவாதம்; மிகச் சுருக்கமானது. ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே வகையாக அமைந்த வண்டியில் இரண்டையும் இடம் மாற்றிச் செருகி, ஏசி தேறி ஹாரன் ஊமையாயிற்றென்றால் வாதம் நிரூபணமாயிற்று. நமது நகரத்துச் சாலைகளில் இவ்விரண்டனுள் எதை இழப்பது உத்தமம் என்பது தனி ஆராய்ச்சி.

மூன்றாவது காலவாதம். எது கெட்டது என்று வினவாமல், எப்போது நிற்கிறது என்று வினவுவது இதன் இலட்சணம். நமது சித்தாந்தமும் இதுவே. கிண்டி நெரிசலில் அனலடித்து, தாம்பரம் தாண்டி வேகம் பிடித்ததும் குளிருமாயின், கண்டென்சரின் ஃபேன் சுழலவில்லை; ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே ஃபேன். நெடுந்தூரம் ஓடியபின் குளிர் மட்டுமின்றிக் காற்றின் வேகமும் குறையுமாயின், சென்சார் பிசகிக் கூலிங் காயில் பனிக்கட்டியால் மூடுண்டது எனச் சந்தேகிக்கலாம். சிறிது நேரம் ஏசியை நிறுத்திவைத்தால் உருகிவிடும். வெயிலில் சூடேறிய பின்னரே நின்று, ஆறியதும் தானே உயிர்த்தெழுமாயின், கம்ப்ரஸரின் கிளட்சைப் பார்க்க வேண்டும்.

1939-ல் அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி கார்களில் ஏசி பொருத்தித் தர முன்வந்தபோது இந்தக் கிளட்ச் கிடையாது. குளிர் போதுமென்று தோன்றினால், எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்த கிளட்சில், மின்சாரம் பாய்ந்த செம்புக் காயில் காந்தமாகி, அரை மில்லிமீட்டர் அளவு விலகி நிற்கும் தகட்டை இழுத்துச் சுழலும் புல்லியோடு ஒட்டவைக்கிறது. வருஷக்கணக்கில் உராய்ந்து தகடு தேய இடைவெளி அகன்று, சூட்டினால் செம்பின் மின்தடை 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் வீதம் கூடி, மின்னோட்டம் மெலிந்து, காந்தம் சோர்ந்து, கடைசியில் தகடு எட்டாமற் போகிறது. ஓரமாக நிறுத்தி, டீ குடித்து, நம் முறை வந்து மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்குள் காயில் ஆறிவிடுமாகையால், “ஒரு கம்ப்ளெயிண்டும் இல்லியே சார்” என்று அவர் கூறுவது பொய்யன்று. கொதிக்கக் கொதிக்க வண்டியைக் காட்டுவதொன்றே உபாயம்.

இதற்குப் பல வண்டிகளில் பரிகாரம், தகட்டின் பின்னுள்ள மெல்லிய வாஷர்களில் ஒன்றை உருவி இடைவெளியைச் சுருக்குவதே. புதிதாக ஒன்றும் போடாமல் இருந்ததில் ஒன்றை எடுத்ததற்கு எந்தக் கணக்கில் பில் எழுதுவது என்னும் தர்மசங்கடத்தினால், மெக்கானிக்குகள் கொஞ்சம் கியாஸும் அடித்தே அனுப்புகிறார்கள்.