வாசலை மறிக்கும் கார்

கேள்வி: கோடை விழா வந்தால் ஜவ்வாது மலைக்கு வருபவர்கள் ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டு வாசலை மறித்து காரை நிறுத்திவிட்டு பீமன் அருவிக்குப் போய்விடுகிறார்கள். நேரக் கட்டுப்பாடு கொண்டுவர முடியுமா?

பதில்: தாராளமாக! எங்கே, எவ்வளவு நேரம் வண்டி நிற்கலாம் என்பதை உள்ளாட்சியைக் கலந்து அரசு முடிவு செய்ய, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு இடம் தருகிறது. கிராம சபையில் தீர்மானம் போட்டு கலெக்டருக்கு அனுப்புங்கள். ஜப்பானில் 1962 முதலே இதற்குத் தனிச் சட்டம். தெருவில் ஒரே இடத்தில் இரவில் 8 மணி நேரம் கார் நிற்கக் கூடாது. நகரங்களில் காருக்கு முதலில் இடம் பார்த்துவிட்டுத்தான் காரே வாங்க வேண்டும். இங்கே காரை வாங்கிவிட்டு அடுத்தவர் வாசலைப் பார்க்கிறோம்! பிரசவ வலியில் துடிப்பவரை ஏற்ற 108 வண்டி வந்தால் எந்த வழியாக நுழையும்? அந்தக் கேள்வியையே தீர்மானத்தின் முதல் வரியாக எழுதுங்கள். உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு கேட்கவும் மறக்காதீர்கள்.