குழாயடிக் கேள்விகள்

கே: மானியம், கடன்... இரண்டும் அரசாங்கப் பணம்தானே? என்ன வித்தியாசம்?
(கல்லூரி மாணவி, புதுப்பட்டினம்)

மானியம் தாய்மாமன் சீர். திருப்பிக் கேட்க மாட்டார், ஆனால் புடவையைக் கட்டிக் காட்டியாக வேண்டும். அதற்குப் பெயர் பயன்பாட்டுச் சான்றிதழ். கடன் மொய்ப்பணம். நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள்.

கே: எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் கரிக்கிறது. மனு கொடுத்து அலுத்துவிட்டது.
(இல்லத்தரசி, சதுரங்கப்பட்டினம்)

'கரிக்கிறது' என்று எழுதினால் அது புலம்பல் தாயே, எண்ணை எழுதுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் 10500-இன்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் இருக்கலாம். வேறு நீரே கிடைக்காத ஊரென்றால் 2,000 வரை. கடல்நீரில் சுமார் 35,000. உங்கள் குழாய் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

கே: எண்ணுக்கு எங்கே போவேன்?
(அதே இல்லத்தரசி, அடுத்த தபாலில்)

தூரம் போக வேண்டாம். ஜல் ஜீவன் திட்டப்படி ஊருக்கு 5 பெண்களுக்காவது நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும். திட்ட நிதியில் 2 சதவீதம் வரை நீரின் தரக் கண்காணிப்புக்கே. அதற்கான பரிசோதனைப் பெட்டியைத் திறந்தால் சோதனை சமையல் போலத்தான்: மஞ்சளாக்கிய தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது செங்கல் நிறமாகும் வரை எண்ண வேண்டும். சொட்டு கூடக் கூட, கரிப்புக்குக் காரணமான குளோரைடு கூடுதல். பெட்டி ஊராட்சி அலுவலக பீரோவில் தூங்கினால், சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

கே: காய்ச்சிக் குடித்தால் போதாதா?
(ஆட்டோ ஓட்டுநர், திருக்கழுக்குன்றம்)

கிருமி சாகும். உப்பு சாகாது, சுண்டச் சுண்டக் கூடும். ரசம் வைத்தவரைக் கேளுங்கள்.

கே: நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாங்கள் கேன் வாங்குகிறோம். நியாயமா?
(மீனவர், கொக்கிலமேடு)

இல்லை. 2013-இல் வந்த முதல் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர், மத்திய அரசின் மானியம். 2024-இல் திறந்த இரண்டாவது 15 கோடி லிட்டர், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன். அடுத்த பேரூர் ஆலை 40 கோடி லிட்டர், ஜப்பானின் ஜைகா கடன். பணம் எத்தனை தேசம் தாண்டி வருகிறது பாருங்கள்! தண்ணீர் சென்னைக்குப் போகட்டும், அங்கேயும் நம் பிள்ளைகள்தான் தாகத்தோடு இருக்கிறார்கள். ஆனால் ஆலை வாசலில் இருப்பவர் கேனுக்குச் சில்லறை தேடுவது என் வயிற்றை எரிக்கிறது. திட்டம் தாளில் இருக்கும்போதே கரையோரக் குப்பங்களின் பெயரும் அதில் ஏற வேண்டும். குழாய் பதித்த பிறகு கேட்டால் 'அடுத்த கட்டத்தில்' என்பார்கள்.

கே: வாயலூரில் பாலாற்றின் குறுக்கே அணை. அதற்கும் குடிநீர்த் தரத்துக்கும் என்ன சம்பந்தம்?
(விவசாயி, வாயலூர்)

ரத்த சம்பந்தம். மண்ணுக்கடியில் நல்ல நீர் உப்பு நீர்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அது கீழே சுமார் 40 அடி வரை உப்பை அழுத்தி வைக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்று இருவர் கண்டு சொன்ன கணக்கு இது. திருப்பிப் படியுங்கள்: மோட்டார் போட்டு ஓர் அடி இறக்கினால் உப்பு 40 அடி ஏறி வருகிறது. முகத்துவாரத்து அணை கடலை வெளியே நிறுத்தி, இனிப்பை உள்ளே தேக்குகிறது. ஆற்று மணலை அள்ளியவர்கள் அள்ளியது மணலை மட்டுமல்ல, அது தேக்கிய நன்னீரையும்.

கே: ஊர்க் குடிநீருக்கு நபார்டு ஊரக வங்கி எங்கிருந்து கடன் கொடுக்கிறது?
(வங்கி ஊழியர், செங்கல்பட்டு)

உங்கள் வங்கியிலிருந்துதான்! விவசாயம் முதலான முன்னுரிமைத் துறைகளுக்குக் குறைவாகக் கடன் கொடுத்த வங்கிகள், அந்தக் குறைக்கு ஈடாக நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு நிதியில் பணம் கட்ட வேண்டும். 1995-96-இல் 2,000 கோடி ரூபாயோடு தொடங்கினார்கள். அது மாநிலங்களுக்குக் கடனாகிறது, ஊருக்குக் குடிநீராகவும் ஆகிறது.

கே: வெளிநாட்டில் கடன் வாங்கிக் குடிநீரா? வெட்கமில்லையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மாமல்லபுரம்)

ஐயா, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு நீர் குடித்துப் பல் பழுப்பேறிய பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களே, அதுதான் வெட்கம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சுமார் 1,929 கோடி ரூபாய், ஜப்பான் கடன், 2013-இல் தண்ணீர் வந்தது. அந்தக் கடனை நான் கும்பிட்டு வாங்குவேன்.

கே: அமெரிக்காவில் குடிநீருக்குப் பணம் எப்படி?
(மென்பொருள் பொறியாளர், கேளம்பாக்கம்)

நம் மகளிர் குழுச் சுழல்நிதிதான், டாலரில். ஓர் ஊர் கட்டும் தவணை அடுத்த ஊருக்குக் கடனாகிறது. கழிவுநீருக்கு 1987-இலும் குடிநீருக்கு 1996-இலும் சட்டம் வந்தது. நாமும் சளைத்தவர்களில்லை: 2002-இல் தமிழ்நாட்டின் 13 நகர உள்ளாட்சிகள் கூட்டாகப் பத்திரம் வெளியிட்டு, குடிநீருக்கும் வடிகாலுக்கும் சந்தையில் பணம் திரட்டின. தனியாகப் போயிருந்தால் திண்ணையில் உட்கார வைத்திருப்பார்கள்.

கே: ஜல் ஜீவனில் ஊர்ப்பங்கு 10 சதவீதம் எதற்கு?
(வார்டு உறுப்பினர், திருப்போரூர் ஒன்றியம்)

உள்ளூர் அமைப்புச் செலவில்தான் அது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊருக்கு 5. காசில்லையா, உழைப்பாகத் தரலாம். தானே தோண்டிய பள்ளத்தில் குழாய் உடைந்தால் எவரும் தாண்டிப் போக மாட்டார்.

கே: கிராம சபையில் எங்கள் குரல் எடுபடுமா?
(மகளிர் குழுத் தலைவி, சதுரங்கப்பட்டினம்)

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள். இரண்டு நாள் முன்னதாகக் கிருமிச் சோதனைக் குப்பிகளில் கடைசித் தெருக் குழாய் நீரை நிரப்பி, தேதி எழுதி மூடி வையுங்கள். மலக்கிருமி கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். அந்தக் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். மைக் தேவைப்படாது.