மாமாவின் வாசிகசாலைக்கு ஒரு ஜாபிதா

ஸ்காபரோ, ரொறன்ரோ
தை மாதம்

அன்பார்ந்த மாமா அவர்களுக்கு,

அங்கு தாங்களும், அத்தையும், அத்தையின் முழங்காலும் க்ஷேமமாக இருக்க மாரியம்மனைப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கொட்டகலைக் கடைவீதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து வாசிகசாலை தொடங்கப் போவதாகவும், கதைப் புஸ்தகங்களும் கதையல்லாத புஸ்தகங்களும் சரிபாதியாக அமைந்த ஒரு ஜாபிதாவை, உலகம் சுற்றியவன் என்ற ஹோதாவில் நான் தயாரித்து அனுப்ப வேண்டும் என்றும் ஆக்ஞாபித்திருக்கிறீர்கள். மாமா, உலகத்தை நான் எங்கே சுற்றினேன்! விடியுமுன் எழுந்து, நாலு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, உறைபனியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும், அது கொண்டுபோய் விட்ட இடத்தில் மேற்பார்வையாளர் என்னும் நாகரிகப் பெயர் பூண்ட ஒரு கங்காணியின் முன் ஆஜராவதும், இருட்டிய பின் அதே பஸ்ஸில் திரும்புவதுமே என் உலக சஞ்சாரம். பாட்டி தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்ற காலத்தில் குளிர் இவ்வளவு கொடுமையாயிருக்கவில்லை என்பது ஒன்றே நாங்கள் கண்ட அபிவிருத்தி.

ஆயினும் தங்கள் ஆக்ஞையை மறுக்க மனம் வரவில்லை. பாடசாலையில் ஆசிரியராயிருந்த காலத்தில் புஸ்தக அலுமாரியின் திறப்பை வேட்டி முடிச்சில் பத்திரப்படுத்தி, கைகழுவி வந்தவனுக்கு மட்டும், அதுவும் நகத்தைச் சோதித்த பின்னரே, ஒரு புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்த மகானுபாவர், இப்போது ஊராருக்கெல்லாம் புஸ்தகம் வழங்கத் துணிந்திருக்கிறார் என்றால், அந்த மனமாற்றத்தை உற்சாகப்படுத்துவது மருமகனின் கடமையல்லவா?

இந்த நகரத்து நூலகத்திற்கு நூறு கிளைகள். மூன்று வாரத் தவணையில் கைகொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு போகலாம். தாமதித்துக் கொடுத்தால் விதிக்கும் அபராதத்தையும் 2022ஆம் ஆண்டில் அடியோடு ரத்துச் செய்துவிட்டார்கள் என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கவே அஞ்சுகிறேன். நாளொன்றுக்கு ஐந்து சதம் வீதம் எங்களிடம் வசூலித்துச் சுண்ணக்கட்டி வாங்கிய தங்களுக்கு இச்செய்தி தர்மம் அழிந்ததற்கு அத்தாட்சியாகவே தோன்றும். நூலகப் பணியாளர்கள் தமக்குப் பிடித்த நூல்களை வாசலருகே அடுக்கி, ஒவ்வொன்றின் மீதும் சிறு துண்டுக் கடுதாசியில் சிபாரிசு எழுதி வைத்திருப்பார்கள். இரவு முழுவதும் தூங்கவில்லை என்று ஒருத்தி. மூன்று முறை அழுதேன் என்று இன்னொருத்தி. தூக்கத்தையும் கண்ணீரையும் இவ்வாறு பகிரங்கமாகக் கணக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நாம் நல்ல புஸ்தகம் ஒன்றைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தராமல் இருந்துவிடுவோம். அதைவிடப் பெரிய சிபாரிசு வேறு உண்டோ?

தமிழர்களிடம் விசாரித்தேன். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் அமர்ந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், என் ஊரைக் கேட்டு, கொட்டகலை என்றதும் “அப்ப கண்டிப் பக்கமோ?” என்று திசையைத் தமக்குச் சௌகரியமானபடி திருத்திக்கொண்டு, தயக்கமின்றிப் ‘பொன்னியின் செல்வன்’ என்றார். எதிரே இருந்த சென்னைக்காரரும் அதையே சொன்னார். 1950ஆம் ஆண்டு கல்கியில் தொடங்கிய அந்தத் தொடர் 1954இல் முடிந்ததாகச் சரித்திரம் கூறுகிறது. ஆனால் தமிழன் குடியேறிய தேசங்களில் அது இன்னும் முடியவில்லை.

வெள்ளைக்காரரிடமும் சிபாரிசு கேட்டேன். நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர், நான் இலங்கைத் தேயிலைமலையில் பிறந்தவன் என்று அறிந்த மாத்திரத்தில், இந்நகரத்திலேயே வாழும் மைக்கேல் ஒண்டாச்சியின் ‘ரன்னிங் இன் த ஃபாமிலி’ என்னும் 1982ஆம் ஆண்டு நூலை என் கையில் திணித்து, உன் வீட்டுக் கதை என்றார். ஒண்டாச்சி 1943இல் கொழும்பில் பிறந்தவர்; அவருடைய தகப்பனார் தோட்டத் துரையாக இருந்தவர். ஆடலும் பாடலும் குதிரைப் பந்தயமும் மதுபானமுமாகக் கழிந்த அந்தக் குடும்பத்துச் சரித்திரத்தை அபார அழகோடு எழுதியிருக்கிறார். தகப்பனார் போதையில் ரயில் வண்டிகளையே நிறுத்தி வைத்த பிரதாபமும் அதில் வருகிறது. நம் சிங்கமலைச் சுரங்கத்தருகே நம்மவன் ஒருவன் அவ்வாறு ரயிலை மறித்திருந்தால், ஹட்டன் பொலிஸில் ஓரிரவு கிடந்து, மறுநாள் வேலைநீக்கப் பத்துச்சீட்டும் வாங்கியிருப்பான். துரை மறித்தால் அது இலக்கியமாகிறது. பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தால் மலை எவ்வளவு ரம்மியமாக இருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது அந்தப் புஸ்தகத்தினால்தான். அதையும் தங்கள் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறேன். ஆனால் அது கதையா, சரித்திரமா என்று கேட்காதீர்கள், ஆசிரியரே இரண்டையும் பிசைந்துதான் எழுதியிருக்கிறார்.

சரிபாதி என்றீர்களே, அங்கேதான் மாமா எனக்குச் சங்கடம். இங்கே நூலகத்தில் கற்பனைக்கு இடப்பக்கம், மெய்மைக்கு வலப்பக்கம் என்று ஸ்திரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊரிலே இருக்கும்வரை நம் மலையைப் பற்றி ஒரு பக்கமும் வாசியாதிருந்து, ஆயிரக்கணக்கான மைல் தூரம் வந்தபின் வாசிக்கத் தொடங்கிய எனக்கு, நம் மலைப் புஸ்தகங்கள் அந்தப் பிரிவினைக்குக் கட்டுப்படவே மறுக்கின்றன என்பது தெளிவாயிற்று. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக் கேணி’ கதைதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்ட பெண்ணைப் பற்றிய அக்கதை விசாரணை அறிக்கைபோலவே இருந்தாலும், அதை அவ்வாறு யாரும் வகைப்படுத்த மாட்டார்கள். தமிழகத்து ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றிய பி. எச். டானியல், தாம் அறிந்தவற்றை நாவலாக்கி 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதை நாவல் என்ற பெயரில் அடுக்குவதா, வைத்தியரின் சாட்சியம் என்று அடுக்குவதா?

மறுபக்கம் பாருங்கள். பதுளையில் பிறந்து லண்டனில் வாழும் மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ சுத்தமான ஆராய்ச்சி. ஆனால் அதை வாசித்துச் சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் பக்கத்திலிருந்த சீன மூதாட்டி இடம் மாறி உட்கார்ந்தார். சீமையிலிருந்து வந்திறங்கிய சின்னத்துரைகள் நம்மவரை வேலை ஏவுவதற்கென்று தமிழ் படித்த கைநூல்களை அவர் தேடியெடுத்து அலசுகிறார். ‘இங்கே வா’ என்று ஒரு கைநூலுக்குப் பெயர்! கோப்பிப் பயிரின் பெருமையைப் பாடும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற நூலை ஆபிரகாம் ஜோசப் என்பவர் 1869இல் வெளியிட்டதையும் அதிலே காண்கிறோம். கோப்பி மரங்களின் இலையில் செந்தூள் நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டதும் அதே 1869ஆம் ஆண்டுதான். கும்மி அச்சேற, கோப்பி படுத்தது. இப்படி ஒரு பொருத்தத்தை ஒரு கதாசிரியன் கற்பித்திருந்தால், நம்பத் தகாதது என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

சி. வி. வேலுப்பிள்ளையின் விஷயம் இன்னும் வேடிக்கை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் பக்கத்துத் தலவாக்கலைத் தொகுதி மக்கள் வாக்களித்து அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறுவருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களில் பெரும்பாலோரை எந்தத் தேசத்துக்கும் உரியரல்லாதவராக்கிற்று. அதற்கடுத்த வருஷம் வாக்கும் போயிற்று. 1964இல் இரு பிரதமர்கள் கூடி, ஒன்பது லக்ஷத்து எழுபத்தையாயிரம் ஜீவன்களை, இந்தியாவுக்கு ஐந்தேகால் லக்ஷம், இலங்கைக்கு மூன்று லக்ஷம் என்று பங்கிட்டு, மிச்சம் ஒன்றரை லக்ஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கொழுந்து நிறுக்கும்போதுகூட நம் கணக்கப்பிள்ளை மிச்சத்தை நாளைக்கு என்று வைத்ததில்லை. இந்த உடன்படிக்கை வலப்பக்கத்து அலுமாரியில் இருக்கிறது; தோட்டத்து மக்களைப் பற்றி சி. வி. எழுதிய ‘வீடற்றவன்’ நாவலாதலால் இடப்பக்கம். நான் ஸ்தானம் மாற்றி வைக்கலாமா என்று நெடுநேரம் நின்று யோசித்தேன். நூலகத்துப் பெண் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டாள்.

தங்களுக்கு ஆனந்தம் தரும் சமாசாரம் ஒன்று. இங்கே ஒரு நண்பர் வீட்டில் சாரல் நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ அகப்பட்டது. 2014இல் காலமாகும்வரை நம் கொட்டகலையிலேயே குடியிருந்து, மலையகத்தின் சரித்திரத்தைத் தனியொருவராய்த் தேடித் தொகுத்தவரை, கடைவீதியில் கண்டால் வணக்கம் சொல்லிக் கடந்த நான், அவர் 1988இல் வெளியிட்ட நூலை உறைபனித் தேசத்தில் கடன்வாங்கி வாசித்தேன். அந்நியர் தோட்டத்துக்குள் கால் வைக்கத் தடையிருந்த காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் நுழைந்த வரலாறும், அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பிரசாரம் செய்ததும் எந்த நாவலுக்குக் குறைந்தவை? அச்சுப் பிரதி அங்கே கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். 2005 முதல் ஈழத்துப் புஸ்தகங்களை இணையத்தில் இலவசமாகச் சேமித்துவரும் ‘நூலகம்’ என்னும் தளத்தைத் தங்கள் பேரனிடம் சொன்னால் தொலைபேசியிலேயே திறந்து காட்டுவான். கைகழுவ வேண்டிய அவசியமும் இல்லை.

சிறுகதைகளில் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதலாவதாக நிற்கட்டும். ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையைப் பற்றி எழும் சந்தேகம்தான் விஷயம். அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அபிப்பிராயம் அவர்கள் சொல்வார்கள். தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’, கோகிலம் சுப்பையாவின் நாவல் ‘தூரத்துப் பச்சை’ இரண்டையும் தவறாமல் சேருங்கள். எல்லாமே மலைக்கதையாயிருந்தால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்பதால், இந்நாட்டிலேயே இருந்து எழுதும் அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’; அதை அவர் நாவல் என்கிறார், தலைப்பு வேறொன்று சொல்கிறது. வீட்டிலே பெரியவர்களுக்கு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஓர் ஏட்டுச்சுவடிக்காக ஒருவர் ஊர் ஊராக அலைந்ததைப் படித்த பின், இரவல் புஸ்தகத்தைத் திருப்பிக் கொண்டுவர வாசிகசாலை வரைக்கும் நடக்க எவரும் சோம்பமாட்டார் என்று நம்புகிறேன்.

ஆகவே ஜாபிதாவை இரண்டு பத்தியாகப் பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிரித்தே தீருவதென்று தாங்கள் பிடிவாதம் செய்தால், உயரமானவை ஒரு தட்டிலும் குட்டையானவை மறுதட்டிலுமாக அடுக்கிவிடுங்கள். அலுமாரிக்கும் அதுவே சௌகரியம். புஸ்தகங்களில் இங்கே கிடைத்தவற்றைச் சித்திரையில் ஊருக்கு வரும் நண்பர் ஒருவரின் பெட்டியில் ஏற்றிவிட ஏற்பாடு. அவர் எனக்கென்று ஏழு கிலோ இடம் ஒதுக்கியிருக்கிறார்; அதில் நான்கு கிலோவைப் பிள்ளைகளுக்கான சாக்லேட் ஆக்கிரமித்துக்கொண்டது, மிச்சம் மூன்றில்தான் இலக்கியம். ‘என் சரித்திரம்’ கனம் கூடியது. அதைக் கொழும்பிலே வாங்கிக்கொள்ளுங்கள், பணம் அனுப்புகிறேன். ‘பொன்னியின் செல்வனை’ நான் ஜாபிதாவில் எழுதவில்லை. வாசிகசாலை திறந்த மறுவாரமே யாராவது ஒரு புண்ணியவான் ஐந்து பாகங்களையும் கட்டிக்கொண்டுவந்து தானமாகத் தருவார். மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்