இழுவை மடிக்கு ஒரு பாராட்டுரை

இழுவை மடியே, உன்னைப் புகழ ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சை மாவட்டத்துக்குக் கிடைத்த கடலோரம் சிறியது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று போய்க்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடும். அந்தச் சிறு கரைக்கும் காசு என்பதைக் காட்டியது நீதான். நாடு விடுதலை பெற்ற பிறகு, மீன் உற்பத்தி பெருக வேண்டும் என்று அரசே மானியம் கொடுத்து விசைப்படகுகளையும் அவை இழுக்கும் வலையான உன்னையும் கடலில் இறக்கியது. இறால் கப்பலேறி ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போனது, டாலராகத் திரும்பியது. பாய் விரித்துப் போன வள்ளம் பல நாள் பட்ட பாட்டை நீ ஓர் இரவில் முடித்தாய். கீற்றுக் கொட்டகைகள் மாடி வீடுகளாயின, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். இதை மறுப்பவருக்கு அந்தக் கரையின் பழைய வறுமை தெரியாது.

உன் உழைப்பும் பெரிது. இரண்டு பலகைகள் நீருக்குள் விரிந்து உன் வாயை அகலத் திறக்கின்றன. கனத்த சங்கிலி தரையைத் தடவியபடி நடக்கிறது. மற்ற கடல்களில் உன் கை எட்டாத பள்ளங்கள் உண்டு. பாக் விரிகுடாவிலோ பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுவதால், நீ போய்ப் பார்க்காத தரை குறைவு. இறாலைத் தேடித்தான் போகிறாய். ஆனால் இறாலோடு நிறுத்திக்கொண்டதே இல்லை. நண்டும் கணவாயும் காரலும் விரல் நீளம் வராத ஓராக் குஞ்சும் திருக்கைக் குட்டியும் சங்கும், வேரோடு பெயர்ந்த கடற்புல்லும் உன் மடிக்குள் ஒன்றாகத்தான் வருகின்றன. நண்டு வலை நண்டுக்கு, நகரை வலை நகரைக்கு என்று மீனுக்கு மீன் வலை மாற்றும் நாட்டுப்படகுக்காரர்களின் பாகுபாடு உன்னிடம் கிடையாது.

எதையும் வீணாக்காததும் உன் குணம். ஏலத்துக்கு ஆகாத பொடிமீனுக்கு அந்தக் கரையில் சங்காயம் என்று பெயர். அதையும் கூடை கூடையாக அள்ளுகிறார்கள். காய்ந்து, மாவாகி, கோழிக்கும் பண்ணை இறாலுக்கும் தீவனமாகிறது. குழம்புக்கு வரவேண்டிய மீன், வளர்வதற்கு முன்பே கோழியின் தட்டுக்குப் போய்விடுகிறது. இந்த டெல்டாவில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் குடும்பத்தைப் பார்த்து ஊர் பதறும். நீ வாரத்தில் மூன்று நாள் கடலின் விதைநெல்லை அள்ளி வருகிறாய், துறைமுகம் எடைபோட்டு வாங்கிக்கொள்கிறது.

மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய கோபுரம் அது. எங்கோ நடந்த போருக்கு இங்கே நினைவுச்சின்னம்! அதன் முன்னால் விரிந்து கிடக்கும் கடலுக்கு மரியாதை வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணி கடற்புல்லை மேய்ந்துதான் உயிர் வாழ்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வதும் அதே புல்லுக்குள்தான். வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். தன் வலை போனாலும் போகட்டும் என்று நினைத்த அந்தக் கைகளை நான் வணங்குகிறேன். உன் சங்கிலிக்கு அப்படி நின்று யோசிக்க நேரமில்லை.

உன்னைவிடப் புகழத்தக்கது உன்னைப் பற்றிய சட்டம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல்வரை நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கிவைத்தது. உன் மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. கடலறிந்த பெரியவர்களும் படித்த அறிஞர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து எழுதினாலும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சேர்த்துவிட முடியாது. கண்ணியை அளக்க ஓர் அளவுகோல் போதும். கடலுக்குப் போகவும் வேண்டாம், படகு துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்போதே அளந்துவிடலாம். இவ்வளவு எளிதான வேலையை இத்தனை ஆண்டு நிதானமாக வைத்திருக்கும் பொறுமை மீன்வளத் துறையைத் தவிர வேறு எந்தத் துறைக்கு வரும்? விடியற்காலையில் உன்னால் அறுந்த வலையைக் கையில் சுருட்டிக்கொண்டு கரையேறும் நாட்டுப்படகுக்காரருக்குச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் மனப்பாடம். அவர் அதைச் சாலை மறியலில் உட்கார்ந்து படித்தார்.

அக்கரையான இலங்கையும் உன்னை நன்றாக அறியும். உள்நாட்டுப் போர் முடியும்வரை கடலில் இறங்கவே அனுமதி கேட்டு நின்ற யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள், 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கினார்கள். அந்த வலைகளின் மேலும் நீ நடந்தாய். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. எல்லை தாண்டிப் போய்ச் சிறைப்பட்டு, படகையும் இழந்து நிற்பவர்கள் கூலிக்குப் போன நம் பிள்ளைகள். அவர்களுக்காகக் குரல் கொடுப்போர் பலரும் கச்சத்தீவைச் சொல்கிறார்கள், உன் பெயரை மட்டும் சொல்வதில்லை. இவ்வளவு மரியாதையோடு காப்பாற்றப்படும் பெயர் வேறு எது?

அதே 2017இல், பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மாற்றி ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகள் தரும் திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, மீதி வங்கிக் கடனும் மீனவர் கைப்பணமும். நல்ல திட்டம், நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகியவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், ஆழமான துறைமுகம் வேண்டும், பிடித்த சூரைக்கு நியாயமான விலை வேண்டும். கஜா புயல் 2018இல் மல்லிப்பட்டினத்துப் படகுகளை நொறுக்கிப் போட்டபோது கடனில் விழுந்தவர்களிடம் இன்னொரு கடனைக் காட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்? 2,000 என்ற எண்ணில் ஒரு சிறு பங்குதான் கடலைத் தொட்டது. உன் இடம் பத்திரமாக இருக்கிறது.

உன் பணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீ செய்வது. அந்த 61 நாள் நீ கரையில் மடிந்து கிடக்கிறாய், மீன் முட்டையிடுகிறது, குஞ்சு வளர்கிறது. தடைக்காலம் முடிந்து முதல் முறையாகக் கடலுக்குப் போகும் படகுகள் இறால் நிறைந்து திரும்பும்போது, ஏலக் கூடத்தில் உன்னைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அந்த ஒரு நாள் வரும்படியில் பெரும்பகுதி, நீ கடலில் இல்லாத நாட்கள் சம்பாதித்தது.