தீபாவளிக் கத்தியும் அதற்குரிய ஐந்து காசும்: ஓர் ஆய்வு

தீபாவளிக்குக் கைமாறும் பரிசுகளில், பெற்றவர் மனத்தில் கடைசிவரை அன்போடு தங்குவது கத்தி ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதை மறுப்போர் உண்டு. அவரவருக்குரிய இடத்தில் பதிலும் உண்டு. மரபுப்படி பார்த்தால், முதல் பத்துப் பக்கங்களைச் சொல்லாராய்ச்சிக்கு ஒதுக்கி, வேர் தேடி இறங்கி, வழியில் தென்படும் பிறமொழிகளை எல்லாம் நம் மொழியின் பேரப்பிள்ளைகளாக அறிவித்துவிட்டுத்தான் பொருளுக்கு வர வேண்டும். இங்கே அது தவிர்க்கப்படுகிறது. அந்த வழியில் இறங்கியவர்களில் பலர் இன்னும் பொருளுக்கு வந்து சேரவில்லை. ஆனால் வரையறை இல்லாமல் முடியாது. கத்தியாவது, ஒரு முனையில் கைப்பிடியும் மறுமுனையில் கவலையும் உடைய கருவி. தீபாவளிக் கத்தியாவது, அதே கருவி வண்ணத்தாளில் சுற்றப்பட்டு, ‘சும்மா, சின்னதா ஒன்னு’ என்ற சொற்களோடு நீட்டப்படுவது. ஆய்வுக் களத்தின் கிழக்கெல்லை பிரிக்ஃபீல்ட்சின் துன் சம்பந்தன் சாலை. மேற்கெல்லை கிள்ளானின் தெங்கு கிளானா சாலை. நடுவிலுள்ள தாமான்கள் அத்தனையும் அடக்கம். பூச்சோங் சற்றே ஒதுங்கியிருந்தாலும் எல்லாருக்கும் அங்கே ஓர் அத்தை இருப்பதால் சேர்த்துக்கொள்ளப்பட்டது. சரவாக் விலக்கப்பட்டது: அங்கே தீபாவளி பொது விடுமுறை இல்லை. விடுமுறை இல்லாத இடத்தில் கிடைக்கும் கத்தி விடுமுறைப் பரிசாகாது. அது வெறும் கத்தி.

பரிசுக் கத்திகளின் வகைகளைச் சுருக்கமாகக் காண்போம். பழக்கத்தி: இது பரிசன்று, சில்லறை. ரொட்டிக் கத்தி: தோசை சுடும் வீட்டில் இதற்கு வேலை இல்லை. மரக்கட்டையில் செருகிவரும் ஆறு கத்திகள்: ஒன்று உழைக்கிறது, ஐந்து மேற்பார்வை பார்க்கின்றன. பாராங்: தேங்காய்க்கும் புதருக்கும் உரியது, மருமகன் மாமனாருக்குக் கொடுப்பதில் தடையில்லை, எதிர்த்திசையில் கொடுத்தால் மருமகன் சற்று யோசிப்பது இயல்பு. இறைச்சிக் கத்தியே நம் ஆய்வின் நாயகன். விடிந்தால் ஆட்டிறைச்சி, வீட்டிலிருக்கும் கத்தியோ தக்காளியைக்கூட நசுக்கித்தான் வழிக்குக் கொண்டுவரும் என்ற நிலையில், முந்தின நாள் மாலை வந்து சேருகிறது பாருங்கள், அந்தக் கத்திக்கு ஈடான விருந்தாளி கிடையாது. இதை ரயிலில் எடுத்துப்போவோர் 1958ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை நினைவில் கொள்வது நலம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை அது குற்றமாக்குகிறது. அத்தை வீட்டுக்குப் போவது தக்க காரணம்தான். வண்ணத்தாளைப் பிரிக்காமல் இருப்பது இன்னும் தக்கது.

இனி முதன்மை வாதம். தீபாவளிப் பரிசுகளின் இயல்பு ஓரிடத்தில் நில்லாமை. கண்ணாடிக் குவளைத் தொகுதி ஒன்று கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ஏறி ஷா ஆலமில் இறங்குகிறது. அங்கே ஒரு வாரம் தங்கி, தாள் மாற்றிக்கொண்டு கிள்ளான் போகிறது. கிள்ளானிலிருந்து பூச்சோங் வழியாக, அடுத்த ஆண்டு, புறப்பட்ட வீட்டுக்கே புத்தம் புதிதாக வந்து சேருகிறது. ஒருவரும் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆனால் நான்கு குடும்பங்கள் நன்றி சொல்லியிருக்கின்றன. இதில் குற்றம் காண ஆய்வுலகத்துக்குத் தகுதி இல்லை. ஒரே கட்டுரைக்குத் தலைப்பை மட்டும் மாற்றி நான்கு மாநாடுகளில் வாசித்து, நான்கு சான்றிதழும் நான்கு பொன்னாடையும் பெறும் முறையை யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. நாம் கவனிக்க வேண்டியது இது: சுற்றிவரும் பொருளோடு யார் பெயரும் ஒட்டுவதில்லை. பிஸ்கட் டின்னைப் பார்த்து ‘இது யார் கொடுத்தது’ என்று கேட்டால் வீடே விழிக்கும். கத்தியைக் காட்டிக் கேளுங்கள். ‘அது பூச்சோங் அத்தை கத்தி’ என்று உள்ளிருந்து குரல் வரும். அத்தை காலமாகியிருக்கலாம், கைப்பிடி ஒருமுறை மாற்றப்பட்டிருக்கலாம், பெயர் மாறுவதில்லை. காரணம், கத்தியைக் கைமாற்றிவிட முடியாது. கத்தி கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்ற அச்சம் குறுக்கே நிற்கிறது. ஆக, உறவை அறுக்கும் என்று பழிசுமத்தப்பட்ட அந்த நம்பிக்கைதான் கத்தியை ஒரே வீட்டில் நிறுத்தி, கொடுத்தவர் பெயரை அதில் தங்கவைத்து, உறவைக் காப்பாற்றுகிறது.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் உண்டு, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தில் உண்டு, இருவரும் கண்டுபிடித்த பரிகாரமும் ஒன்றே: ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கத்தி விலைக்கு வாங்கியதாகிவிடும். பின்லாந்துக்காரர் மட்டும் ‘பூக்கோ’ என்ற தம் உறைக்கத்தியை மரியாதைப் பரிசாகவே கொடுக்கிறார்கள். நம்மவர் நிலை இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும் (வாய்மொழி: அத்தை). வெறும் கத்தரிக்கோலைத் திறந்து மூடினால் வீட்டில் சண்டை வரும் (வாய்மொழி: அதே அத்தை, இம்முறை சற்று உரக்க). ஆனால் ஆயுத பூசையன்று அதே கத்தியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, விழுந்து கும்பிடுவதும் நாம்தான். ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறத்தாழ இருபது நாள். தெய்வமாக இருந்த ஒரு பொருள் இருபதே நாளில் தீட்டாகிவிடும் என்றால், அந்த இருபது நாளில் என்னதான் நடந்தது என்று அதனிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். மேலும், நரகாசுரன் மடிந்ததைக் கொண்டாடும் பண்டிகை இது. கூரிய ஒன்றினால் விளைந்த பண்டிகைக்குக் கூரிய ஒன்றைப் பரிசளிக்கக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

இதைவிட வலுவான சான்று கிள்ளான் பள்ளத்தாக்கின் வடக்கே, பத்துமலையில் நிற்கிறது. தைப்பூசம் என்பது என்ன? தாய் தன் மகனுக்கு வேல் கொடுத்த நாள். கூரிய பொருள் ஒன்றைப் பரிசாகப் பெற்ற நினைவுக்காக 1892 முதல் அங்கே விழா எடுக்கிறார்கள்; 1873இல் தோன்றிய கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோவிலிலிருந்து ரதம் புறப்படுகிறது; பக்தர்கள் 272 படி ஏறுகிறார்கள்; சிலாங்கூரும் கோலாலம்பூரும் பொது விடுமுறையே விட்டிருக்கின்றன. நாம் இதுவரை பேசியது விடுமுறைக்குக் கிடைத்த கத்தியைப் பற்றி. இதுவோ, கத்தி கிடைத்ததற்கு விடுமுறை. 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயரச் சிலையை நிமிர்ந்து பாருங்கள்: மகன் கையில் இன்னும் அதே பரிசு. அவர் அதை யாருக்கும் தாள் மாற்றிக் கொடுத்துவிடவில்லை.

வேல் எப்படிக் கத்தியாகும் என்று ஒரு தடை எழும். இலை வடிவில் அலகு, அதற்கொரு கைப்பிடி; கைப்பிடி நீண்டுவிட்டதால் ஒரு கருவி தன் இனத்தை இழந்துவிடாது. காம்பு நீளம் என்பதற்காக அகப்பையைக் கரண்டி இனத்திலிருந்து யாரும் தள்ளிவைக்கவில்லை. இரண்டாவது தடை சற்றுக் கனமானது: கூரிய பரிசு உறவை அறுக்குமா, அறுக்காதா என்பதற்கு அந்தக் குடும்பத்தின் பிற்கால வரலாற்றையும் பார்க்க வேண்டாமா? பார்ப்போம். அந்தக் குடும்பத்தில் மனத்தாங்கல் வந்ததும், மகன் கோபித்துக்கொண்டு மலையேறியதும் உண்மை. ஆனால் அது வேலால் வந்ததன்று; ஒரு பழத்தால் வந்தது. பெரியவனுக்குக் கிடைத்துச் சின்னவனுக்குக் கிடைக்காமல் போன மாம்பழம். இருந்தும் மாம்பழம் கொடுத்தால் உறவு அறும் என்று ஒரு பாட்டியும் சொன்னதில்லை; பருவத்தில் கூடைகூடையாகக் கொடுக்கிறோம். குற்றம் செய்தது பழம், பழி ஏற்றது கத்தி. அன்று பழத்தை நறுக்க யாராவது ஒரு கத்தி பரிசளித்திருந்தால் ஆளுக்குப் பாதியாகி, பழனி சாதாரண மலையாகவே இருந்திருக்கும் என்பதையும் போகிற போக்கில் குறித்து வைக்கிறோம்.

இனி நாணயத்துக்கு வருவோம். கத்திக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? ‘ஒரு காசு’ என்பதே பழைய விதி. இந்த விதி 2008 ஏப்ரல் 1ஆம் தேதி நெருக்கடிக்கு உள்ளானது. அன்று முதல் பேங்க் நெகாரா ஒரு காசு நாணயத்தை வெளியிடுவதை நிறுத்தி, ரொக்கமாகக் கட்டும் தொகைகளை ஐந்தின் மடங்குக்குக் கொண்டுவரும் முறையைத் தொடங்கியது. ஒன்றும் இரண்டும் கீழே இறங்கிச் சுழியமாகும். மூன்றும் நான்கும் மேலே ஏறி ஐந்தாகும். விளைவை எண்ணிப் பாருங்கள். உண்டியலில் எஞ்சியிருந்த ஒரு காசை நல்லெண்ணத்தோடு எடுத்துக் கத்திக்கு விலையாகக் கொடுத்தவர், கணக்குப்படி ஒன்றுமே கொடுக்கவில்லை. அவருக்குத் தெரியாமலே அத்தையோடு அவர் உறவு அறுந்து கிடக்கிறது. ஒரே நாளில் உறவின் குறைந்தபட்ச விலை நானூறு விழுக்காடு ஏறியது. ஒரு பொருளியலாளரும் இதைக் குறிப்பிடவில்லை. இதில் கருத்து வேறுபாடு தோன்றி இரண்டு மரபுகள் உருவாயின என்று கொள்ளலாம். சிக்கன மரபினர், ஒரு காசு நாணயங்கள் மூன்றைக் கொடுத்தால் விதிப்படி அது ஐந்தாகிவிடும், இரண்டு காசு மிச்சம் என்கின்றனர். மின்பண மரபினர் இன்னும் நுட்பமானவர்கள்: சுழிய ஏற்ற இறக்கம் ரொக்கத்துக்கு மட்டுமே, கைப்பேசி வழியாக அனுப்பினால் ஒரு காசு ஒரு காசாகவே போய்ச் சேரும் என்கின்றனர் (குடும்பப் புலனக் குழு, தீபாவளிக்கு முந்தைய இரவு, ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற முத்திரையுடன்; மூலம்: இன்னொரு குடும்பப் புலனக் குழு). இதற்கு எதிராகத் தொன்மை வாதிகள் காட்டும் ஆவணம் வன்மையானது: காசு என்பது கையில் கனக்க வேண்டும் (நாள்காட்டித் தாளின் பின்புறம், பென்சில் எழுத்து, முறுக்கு எண்ணெய் பட்டதால் மூன்றாம் வரி தெளிவில்லை, ‘காசு’ என்பதைப் ‘பாசம்’ என்று கொள்ளும் பாடமும் உண்டு, இரண்டையும் ஒப்புநோக்கிய பின் எழுந்த விவாதம் பிஸ்கட் டின் மூடியின் உட்புறத்தில் தொடர்கிறது, ஆனால் அந்த டின் இப்போது ஷா ஆலமில் சுற்றிக்கொண்டிருக்கிறது).

இவ்வழக்கை முடித்துவைக்கும் சான்று 2012இல் புழக்கத்துக்கு வந்தது. மூன்றாம் வரிசையைச் சேர்ந்த ஐந்து காசு நாணயம் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. பத்துக் காசும் அப்படியே. இருபதும் ஐம்பதும் மஞ்சள் நிற உலோகம் பூசியவை. கத்தியும் எஃகு, ஐந்து காசும் எஃகு. கொடுத்தவருக்கு அதே இனத்தில் ஒரு துளி திரும்பிப் போகிறது. ஐம்பது காசு கொடுத்துப் பெருமை தேடுவோர் இனம் மாற்றிக் கொடுக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்ய வேண்டியுள்ளது. சிலர் இங்கே குறுக்கிடுவர்: காசு கொடுத்துவிட்டால் அது விற்பனைதானே, பரிசு எங்கே, பரிசு பெற்ற நினைவு எங்கே? நியாயமான கேள்வி. நாற்பது வெள்ளிக் கத்தியை ஐந்து காசுக்கு விற்கும் கடை துன் சம்பந்தன் சாலையிலும் இல்லை, தெங்கு கிளானா சாலையிலும் இல்லை. இத்தனை நட்டத்துக்கு விற்பவர் உறவினராக மட்டுமே இருக்க முடியும்.

இறுதித் தடை: பரிசுக் கத்திகள் வெட்டுவதில்லை, பிறகு எப்படி அன்பாக நினைக்கப்படுகின்றன? 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருவேறா எஃகைக் கொண்டுவந்தபோது அவ்வூர்க் கத்தித் தொழிலாளர்களும் வெட்டாத கத்தி என்றுதான் நகைத்தார்கள். எஃகு பின்னர் திருந்தியது; சமையலறைகள் திருந்தவில்லை. தீட்டுக்கல் இருந்தும் பீங்கான் மங்கின் அடியில் இரண்டு இழு இழுப்பதோடு நம் பராமரிப்பு முடிந்துவிடுகிறது. மழுங்கிய பின்னும் அக்கத்தி எறியப்படுவதில்லை என்பதே நம் வாதத்துக்குப் போதும். விரலை வெட்டிக்கொண்டதால்தான் நினைவிருக்கிறது என்பாருக்கு விடை எளிது: வெட்டியிருந்தால் கத்தி கூராக இருந்திருக்கிறது, அத்தை நல்ல கத்திதான் வாங்கியிருக்கிறார்.

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் 1966, 1987, 2015, 2023 என நான்கு முறை நடந்திருக்கிறது. ஐந்தாம் முறை நடக்கும்போது இப்பொருளுக்கு அரை நாள் அமர்வு ஒதுக்குமாறும், வரவேற்புரைகளை அதற்கேற்ப நறுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, இந்தத் தீபாவளிக்குக் கத்தி கொடுக்க நினைப்போருக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியின் மேல் ஓர் ஐந்து காசை நீங்களே ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். பெறுகிறவர் அதையே பிய்த்துத் திருப்பித் தந்துவிடுவார். சில்லறை இல்லையென்று இருபது காசை ஒட்டினீர்களானால், மீதி கேட்காதீர்கள்.