மெஸ்ஸர்ஷ்மிட் லட்சணம்: லக்ஷ்மிபாய் நகர் பாணி

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் அரசுக் குவார்ட்டர்ஸ் உண்டு, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உண்டு, பக்கத்திலேயே ஐ.என்.ஏ. மார்க்கெட் உண்டு. ஜெர்மன் போர் விமானம் மட்டும் கிடையாது. ஆய்வுப் பொருள் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால்தான் ஒரு துறை தழைக்கும். அதனால்தான் பழைய புகைப்படத்தைப் பார்த்து மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் உள்வகையைச் சொல்லும் கலை, ஓய்வுக்கு இரண்டொரு வருஷமே பாக்கியுள்ள தணிக்கைத் துறைத் தமிழர் சிலரிடம் தனிப் பாணியாகவே வளர்ந்திருக்கிறது. வவுச்சர் இல்லாத செலவை ஒப்புக்கொள்ளாத கண்கள் அவை.

முதல் விதி, முகத்தைப் பார்க்காதே, வாலைப் பார். வால் இறக்கைக்குக் கீழே முட்டுக் கம்பி இருந்து, பெரிய இறக்கையின் நுனி சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் அது ‘எமில்’, அதாவது ஈ வகை. முட்டு மறைந்து இறக்கை நுனி உருண்டுவிட்டால் ‘ஃபிரெடெரிக்’ முதலான பின்னோர். விமானி அறைக்கு முன்னால், மூக்கின் இருபுறமும் தேங்காய் மூடியைக் கவிழ்த்தாற்போல் புடைப்பு தெரிந்தால் பெரும்பாலும் ‘குஸ்டாவ்’ ஜி-6. உள்ளே வைத்த 13 மி.மீ. துப்பாக்கிக்கு இடம் போதாமல் தகடு வீங்கிய வீக்கம் அது. இவ்வளவும் பாலபாடம்.

சண்டை தொடங்குவது ஈ-3, ஈ-4 என்ற இடத்தில். கண்ணாடிக் கூண்டின் சட்டம் வளைவாக இருந்தால் ஈ-3, கட்டம் கட்டமாகத் தடித்திருந்தால் ஈ-4 என்கிறது மூல இலக்கணம். ஆனால் பழுது பார்க்க வந்த ஈ-3க்குப் புதுக் கூண்டை மாட்டி அனுப்பிய மெக்கானிக் இலக்கணம் படித்தவனல்லன். ஏட்டுச் சுவடியில் இடைச்செருகல் என்போமே, அது இங்கே ஸ்பானரால் நடந்திருக்கிறது. காலனியில் நின்ற அம்பாஸடர்களிலும் இதே பாடபேதம் உண்டு. முன்கிரில்லைப் பார்த்து மார்க் 2 என்று சத்தியம் செய்யலாம். காஷ்மீரி கேட்டில் கிரில் தனியாக விலைக்குக் கிடைக்கும் என்பதை மறந்துவிட்டுச் சத்தியம் செய்யக் கூடாது.

மேல்மாடிக்காரர் பொக்கிஷமாக வைத்திருக்கும் படம் ஒன்று. வயலில் வயிறு பதிய இறங்கிய 109. ஒரு சிப்பாய் வால் முட்டு இருக்கவேண்டிய இடத்தில் சாய்ந்து நிற்கிறான். இன்னொருவன் கூண்டின்மேல் கையை ஊன்றியிருக்கிறான். மூன்றாமவன் இறக்கை நுனியில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறான். மூவரும் பேசிவைத்துக்கொண்டே மறைத்திருக்கிறார்கள் என்பது என் துணிபு. படத்தில் மனிதர் கூடக் கூட விமானம் குறையும் என்பதை இப்பாணியின் இரண்டாம் விதியாகக் கொள்க. “ஈ-4தான் சார்” என்றார் அவர். “ஆதாரம்?” என்றேன். “அவன் உட்கார்ந்திருக்கிற தோரணை!”

சினிமா பார்த்துக் கற்றவர்களைப் பற்றி ஒரு சொல். 1969இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் 109ஆகப் பறப்பவை ஸ்பெயினில் தயாரான புச்சோன்கள். அவற்றின் மூக்கில் இருப்பது ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் எஞ்சின், ஸ்பிட்ஃபயரின் அதே குலம். தாடை தொங்குவது அதனால்தான். இதில் பிரிட்டிஷாரைக் குறை சொல்லவும் முடியாது. 1935 மே மாதம் முதன்முதலாகப் பறந்த 109இலும் இருந்தது ரோல்ஸ்ராய்ஸ் கெஸ்ட்ரல்தான்.

ஜெர்மன் கைவண்ணத்தை நேரில் காண விரும்புவோர் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஃபோக்கவுல்ஃப் 190ஐ வடிவமைத்த குர்ட் டாங்க் 1956இல் பெங்களூர் வந்து எச்.ஏ.எல்.லில் உருவாக்கிய ‘மாருத்’ அங்கே நிற்கிறது. 1961 ஜூன் 17இல் முதலில் பறந்த வகை. மொத்தம் கட்டியது 147. எங்கள் பாணிக்காரர்கள் ஒருவரும் அங்கே போவதில்லை. சுற்றிவந்து எல்லாப் பக்கமும் பார்க்க முடிகிற விமானத்தில் ஆய்வுக்கு என்ன இடம்?

மேற்படி படத்துக்கு என் தீர்ப்பு: மெஸ்ஸர்ஷ்மிட் 109, உள்வகை தெரியாது. தணிக்கை மொழியில் இதற்கு ‘ஆட்சேபம் நிலுவை’ என்று பெயர். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் பழைய படங்கள் இருந்தால் தேதி, இடம், நிற்பவர் பெயர் மூன்றையும் பின்பக்கம் எழுதிவையுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்திவிடும்.